வெடிப்பின் மேல் நின்ற ப்யூக்

இஞ்ஞாசியம்மாளிடம் பயம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் மண்ணைக் காட்டுவாள். மற்றவர்கள் இருட்டைச் சொல்வார்கள், பாம்பைச் சொல்வார்கள். அவளுக்கு மண்தான்.

விளாத்திகுளத்துக்கு மேற்கே, மிளகாயும் பருத்தியும் வானம் பார்த்து விளையும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். மாசியில் அந்த ஊர்க் கரிசலில் தலைமயிர் போலக் கோடு விழும். பங்குனியில் அதற்குள் விரல் போகும். சித்திரை முடிவதற்குள் ஆட்டின் கால் போகும். சிறுமியாக இருந்தபோது காய்ந்த பருத்திமார் பொறுக்கப் போன இடத்தில் அவள் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசு கழன்று ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. கொலுசு போனதைவிட அந்தச் சத்தம் வராமல் போனதுதான் அவளை உலுக்கியது. அப்பா இடுப்பளவு தோண்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் வெடிப்பு மூடிக்கொண்டது. அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கவில்லை, நான்கு பாக தூரம் தள்ளித் திறந்தது. "மண்ணு பொரண்டு படுத்திருக்கும்" என்றார் அப்பா, மாடு புரண்டு படுத்ததைச் சொல்வதுபோல.

அந்த வீட்டுச் சுவரும் அப்படித்தான். கோடையில் பிளந்து வெளிச்சம் காட்டும், மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். அதற்கு யாரும் பதறியதில்லை. இஞ்ஞாசியம்மாள் மட்டும் படுக்கும்போது பாயைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொள்வாள்.

அவள் வாழ்க்கைப்பட்டதோ மண் அசையாத சீமைக்காரருக்கு. தேவஆசீர்வாதம் தெற்கே செம்மணல் தேரியில் பிறந்தவர். அங்கே மணல் காற்றில் பறக்கும், காலடியில் சரியும். ஆனால் ஒளித்து வைத்து எதையும் செய்யாது. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவில் அமெரிக்க லாரி ஓட்டியவர். திரும்பி வந்து கோவில்பட்டியில் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். அவர் வேதக்கோயில், புராட்டஸ்டண்ட்; அவள் ஆர்.சி. தாலி அவர் கோயிலில்தான் கட்டினார்கள். செபமாலை மட்டும் அவளுடைய டிரங்குப் பெட்டிக்குள் மடித்த சேலைக்கு அடியில் வந்து சேர்ந்தது. அது அவருக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய பயங்களையும் முதல் சில வருஷம் அப்படித்தான் நடத்தினார்.

சீதனமாக வந்தது எட்டயபுரம் சாலையோரத்தில் ஒரு துண்டுக் கரிசல். அதில்தான் தேவஆசீர்வாதம் தகரக் கொட்டகை போட்டார். சாலைக்கு நெருக்கம், ஊருக்கும் நெருக்கம் என்று அவர் பார்த்தார். கல்தூண் நட்டு, பக்கங்களில் தகரம் அடித்து, தரையை மண் குழைத்து இடித்துச் சாணம் மெழுகினார். அடியில் சுக்கான் பாறை வரைக்கும் தோண்டி மணல் போடவில்லை. கரிசல்காரர்கள் ஒரு மாட்டுத்தொழுவம் கட்டினாலும் அதைச் செய்வார்கள். "வீடா கட்டுதேன்? கார் நிக்கத்தான்" என்றார். தன் மண்ணைப் பற்றித் தானே குறை சொல்வது இஞ்ஞாசியம்மாளுக்கு அன்றைக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்துப் பின்னால் பல வருஷம் உள்ளுக்குள் குமைந்தாள்.

கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்போது பெரிய அமெரிக்கக் கார்களைக் கைகழுவுகிறவர்கள் அதிகம். பெட்ரோல் குடிக்கும், உதிரிப் பாகம் கப்பலில் வருவது நின்றுபோயிற்று, வைத்திருந்த ஜமீன்களும் கரைந்துபோயின. சிலர் எஞ்சினைப் பிடுங்கிக் கிணற்றுக்குப் பம்பாக வைத்தார்கள். சிலர் பட்டறைக்கு எடை போட்டார்கள். அப்படிப் போகவிருந்ததைத்தான் தேவஆசீர்வாதம் பிடித்து வந்தார். தன் நாட்டுக்குத் திரும்பிப்போன ஒரு மிஷன் டாக்டர் விட்டுச்சென்ற செவர்லே. பருத்தி வியாபாரம் நொடித்த ஒருவரின் டாட்ஜ். அப்புறம் ஒரு பிளிமத். கடைசியாக, கோழி அடைந்து கிடந்த ஒரு ஜமீன் கொட்டிலிலிருந்து மாடு பூட்டி இழுத்து வந்த ப்யூக். முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில், பந்திக்கு உட்கார்ந்த மாதிரி.

அதைச் சுத்தம் செய்ய அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மில்லில் கழிக்கும் பருத்தி வேஸ்ட் கோவில்பட்டியில் கேட்டால் கிடைக்கும். அதை மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் துடைத்தார். எலி கடிக்காமல் இருக்க வயர்களுக்கு வேப்பெண்ணெய் தடவினார். கிடைக்காத கேஸ்கட்டைத் தடித்த அட்டையில் வெட்டினார். தோலில் செய்ய முடிந்ததைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் செய்தார். டயர் போனால் அந்த அளவில் வேறு டயர் கிடையாது என்பதால், ஓடாத நாளில் கார்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு மூலையிலும் பனந்துண்டு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். சக்கரங்கள் தரையைத் தொடாமல் நான்கு கார்களும் கொட்டகைக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு வாடகைக்குப் போய்வரும். எலெக்‌ஷனுக்குப் போகும். அந்த வரும்படி அந்தக் கார்களுக்கே சரியாகப் போனது. அவருடைய சந்தோஷம் வாடகையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் நான்கையும் ஒவ்வொன்றாகக் கிளப்புவார். ப்யூக்கைக் கடைசியில் கிளப்புவார். அது ஓடும்போது பானெட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் அசையாமல் இருக்கும். அவர் முகமும் அப்படியே இருக்கும். கோயிலில்கூட அவர் அப்படி உட்கார்ந்து இஞ்ஞாசியம்மாள் பார்த்ததில்லை.

அவள் அந்தக் கார்களில் ஏறியதில்லை. தன் தகப்பனார் சாவுக்கும் பஸ்ஸில்தான் போனாள்.

"ஊரே ஏற ஆசப்படுது. எம்பொண்டாட்டி மட்டும் மாட்டுவண்டிக்கு விசுவாசமா இருக்கா" என்று அவர் சிரிப்பார்.

"மாடு நின்னா நிக்கும். இது நின்னாலும் உள்ள என்னமோ ஓடுதே" என்பாள்.

ஏறுவதுகூட அவளுக்குப் பெரிய பயமில்லை. அவர் அடியில் படுப்பதுதான் பயம். கிரீஸ் அடிக்க, போல்ட் முறுக்க, ஒழுகுகிறதா என்று பார்க்க, வாரத்தில் பாதி நாள் அவர் ஏதாவது ஒரு காருக்கு அடியில் கிடப்பார். வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். உள்ளிருந்து ஒரு ஞானப்பாட்டு சீட்டியாக வரும். சீட்டி நின்றால் அவள் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாள். வீடு கொட்டகைக்கு ஒட்டினாற்போல இருந்தது அவளுக்கு வசதியும்கூட, வேதனையும்கூட.

கூப்பிடுவாள். காற்று பலமாக அடித்தால் கூப்பிடுவாள். பெட்ரோல் வாடை வந்தால் கூப்பிடுவாள். ஒருமுறை பாம்பு என்று கூப்பிட்டாள், அது ரப்பர் குழாய். கெட்ட கனவு கண்டதற்கும் கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவர் முதுகால் ஊர்ந்து வெளியே வந்து, கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்தபடி நிற்பார். பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறாகவே பயப்படுகிறார்கள். அதனால் ஒருமுறை சரியாகப் பயந்தாலும் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

ஒரு நாள் அவர் பொறுமை இழந்தார். கோபமாகக் கத்தவில்லை, அது அவருக்கு வராது.

"ஏட்டி, இப்படி நித்தம் கூப்பிட்டா நான் எப்பந்தான் வேல பாக்க?"

"எனக்குப் பயமா இருக்கு."

"பயத்துக்கு நான் வெளிய வந்து என்ன செய்ய? ஆபத்துன்னா சொல்லு, வாரேன்."

"ரெண்டும் எனக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கு."

அவர் யோசித்தார். பிறகு பெட்டியிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஸ்பானரை எடுத்து, கொட்டகை வாசலில் தகரச் சுவரை ஒட்டி ஆணியில் மாட்டினார்.

"இந்தா பாரு. பயம்னா வாயால கூப்பிடு. நான் உள்ளருந்தே 'ம்' கொட்டுதேன். உனக்கும் ஆறுதல், எனக்கும் வேல கெடாது. ஆபத்துன்னா இத எடுத்துத் தகரத்துல அடி. அடிச்ச அடுத்த மூச்சுல வெளிய நிப்பேன். சத்தியம்."

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னுதான உங்க வேதத்துல இருக்கு?"

"அதெல்லாம் மட்டும் கரெக்டா படிச்சு வச்சிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு அது எளிய ஏற்பாடு. அவளுக்கோ அது அதுவரை இல்லாத ஒரு பாரமாயிற்று. முன்னால் பயந்தால் கூப்பிட்டால் போதும். இப்போது பயத்தைக் கையில் எடுத்து, இது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பருத்தியில் கொட்டை பிரிப்பதுபோல அது பிரியவில்லை. தகரத்தை வீணாக ஒருமுறை அடித்துவிட்டால் அப்புறம் அந்தச் சத்தத்துக்கும் 'ம்'தான் பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காக ஸ்பானர் ஆணியிலேயே கிடந்தது. துருப்பிடிக்காமல் அவள் எண்ணெய் மட்டும் தடவி வைத்தாள்.

அறுபத்துமூன்றாம் வருஷத்துக் கோடை மோசமான கோடை. முந்தின ஐப்பசியில் மழை சரியாக இல்லை. பங்குனியிலேயே கொட்டகையைச் சுற்றிப் பாளம் பாளமாகப் பிளந்துவிட்டது. உச்சிவெயிலில் தரையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வரும், சுள்ளி ஒடிவதுபோல. கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்துத் தரிசில் ஆடு மேய்க்கும் நந்தகோபால் ஒரு நாள் தண்ணீர் கேட்டு வந்தான். நாற்பது வயசுக்காரன், புதூர்ப் பக்கத்திலிருந்து மந்தையோடு வந்தவன். செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, கொட்டகை வாசலை ஒட்டி ஓடிய வெடிப்பைப் பார்த்தான். கையிலிருந்த கம்பை விளையாட்டாக அதற்குள் விட்டான். கம்பு போய்க்கொண்டே இருந்தது. அவன் குனிந்தான், பிறகு முழங்கால் போட்டான். கடைசியில் கம்பின் தலையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மதினி, இந்தக் கம்பு என்னயவிட ஒசரம். இன்னும் தட்டல."

"எடுத்திரு" என்றாள். கொலுசு ஞாபகம் வந்துவிட்டது.

வெடிப்பு தகரத்துக்கு அடியில் புகுந்து, மெழுகிய தரையில் கோடாக ஓடி, ப்யூக்கின் பின்பக்க வலது முட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நிற்கிறதா, அடியில் போகிறதா என்று தெரியவில்லை. அவள் தேவஆசீர்வாதத்தைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

"ஆமா, பிளந்திருக்கு" என்று ஒத்துக்கொண்டார். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. "அடச்சிருவோம்."

"அடைக்கப்படாது. எங்க அப்பா வீட்டுல வெடிப்பு வாய அடைக்க மாட்டாவ. அடச்சா உள்ள இருக்கது தெரியாமப் போயிரும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? நின்னு பயந்துக்கிட்டு இருப்ப."

பருத்தி வேஸ்ட்டைத் திணித்தார், சாம்பல் கொட்டினார், மேலே மண் குழைத்து அப்பி இடித்தார். நந்தகோபால் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, பல்லு வலிக்கு வாயத் தைக்கிற மாதிரி இருக்கே" என்றான்.

"ஒன் ஆட்டப் பாருவே. அது என் டாட்ஜ் சீட்டத் திங்கப் போவுது."

"டாட்ஜா? அது ருசியா இருக்காது அண்ணாச்சி. போன வாரம் பிளிமத் தின்னுச்சு, ஒண்ணும் சொல்லல."

இருவரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் இஞ்ஞாசியம்மாள் அதே இடத்தில் சாணம் மெழுகினாள். மெழுகச் சொன்னது அவர்தான். தன் கையாலேயே அதை மூடியது பின்னால் அவளுக்கு நெடுநாள் உறுத்தியது. தரை பார்க்க அழகாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. வெடிப்பு கண்ணில் பட்டவரை பயத்துக்கு ஒரு இடம் இருந்தது. இப்போது கொட்டகை முழுவதும் அந்த இடமாகிவிட்டது.

வைகாசிக் கல்யாணத்துக்கு விளாத்திகுளத்து மிளகாய் வியாபாரி சுந்தரபாண்டி கார் பேச வந்தார். வெற்றிலை வாயோடு நான்கு கார்களையும் சுற்றி வந்தார்.

"பிளிமத்தே நல்ல வண்டிதான் அண்ணாச்சி. இப்பந்தான் ஓடி வந்திருக்கு, வேல ஒண்ணும் இல்ல" என்றார் தேவஆசீர்வாதம்.

"நல்ல வண்டி எனக்கு எதுக்கு? பெரிய வண்டி வேணும். சம்பந்தி அம்பாசடர் வச்சிருக்கான். அது கண்ணுக்குத் தெரியப்படாது. இது என்ன?"

"ப்யூக்."

"இதக் கொண்டுவந்து அதுக்கு முன்னால நிறுத்துங்க."

ப்யூக் பல மாசமாக முட்டின் மேல் நிற்கிறது. கீழே எல்லா மூட்டுகளுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும், சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பார்க்க வேண்டும். நாலைந்து நாளாவது அடியில் படுக்க வேண்டிய வேலை. சுந்தரபாண்டி போன பிறகு இஞ்ஞாசியம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் முற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. கோடைமழை அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வராது. அவள் வெளியே காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் புழுதி எழுந்தது, அப்புறம் மண்வாசனை. முதல் துளிகள் தகரத்தில் கல்லெறிவதுபோல விழுந்தன. நந்தகோபால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினான். உள்ளே ப்யூக்குக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சீட்டி மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "மழ வந்துட்டு. வெளிய வாங்க."

"ம்."

தாழ்வாரத்துத் தண்ணீர் வடிந்து கொட்டகை ஓரமாக ஓடியது. ஓடை கட்டிப் போகவேண்டிய தண்ணீர் போகவில்லை. தகரத்துக்கு அருகில் வந்ததும் காணாமல் போயிற்று. அவள் அந்த இடத்தையே பார்த்தாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, தேங்கவே இல்லை. குனிந்து காதை வைத்தாள். கீழே, வெகு கீழே, தாகத்தில் கிடந்த மாடு குடிப்பதுபோல ஒரு மடக்குச் சத்தம்.

"ஏங்க, தண்ணி உள்ள போவுது."

"ம்."

"தரைக்கு அடியில போவுதுங்க."

"ம்ம்."

அவள் ஸ்பானரை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு கை ஓங்கவில்லை. இது பயமா, ஆபத்தா? ரப்பர் குழாயைப் பாம்பென்று சொன்னபோதும் இதே நெஞ்சடைப்புதான் இருந்தது. கெட்ட கனவுக்கும் இதே நடுக்கம்தான். உடம்புக்குள் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. உள்ளே எல்லாம் எப்போதும்போல ஒன்றாகவே துடித்தது. வெளியே பார்த்தாள். தரை மெழுகிய வாக்கில் வழவழப்பாக இருந்தது. ப்யூக் அசையாமல் நின்றது. பாதங்களில் ஒன்று தாளம் போட்டது.

தாளம் போட்ட அந்தப் பாதம்தான் அவளை அடிக்க வைத்தது. ஸ்பானர் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஆடுகள் மழைக்குள் சிதறி ஓடின. அவள் மீண்டும் மீண்டும் அடித்தாள். தேவஆசீர்வாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மூச்சில் வெளியே வந்து, கையில் கிரீஸோடு, நெற்றியில் எங்கோ இடித்த ரத்தத்தோடு நின்றார்.

"என்ன? எங்க?"

அவள் ப்யூக்கைக் காட்டினாள். ப்யூக் அப்படியே நின்றது. மழை பெய்தது. நந்தகோபால் ஆடுகளைத் திருப்பிக்கொண்டே இவர்களைப் பார்த்தான். அவர் காரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்து ஸ்பானரை மெதுவாக வாங்கி, ஆணியில் மாட்டாமல் கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"காப்பி போடு. ரத்தம் நின்னதும் மிச்சத்தப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

அவள் அடுப்புப் பற்றவைத்தாள். விறகு நனைந்திருந்தது, புகைந்தது. அவர் நெற்றியில் காப்பித்தூளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் எதற்குமே தகரத்தை அடிக்க முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. பெரிய மிருகம் ஒன்று களைத்து முழங்கால் மடக்கிப் படுப்பதுபோல, ஒரு பெருமூச்சும் அதன் பின்னால் ஒரு இரும்பு முனகலும்.

போய்ப் பார்த்தபோது மெழுகிய தரையில் ஒரு வாய் திறந்திருந்தது. வலது பனந்துண்டு அதற்குள் சரிந்து பாதி மறைந்திருந்தது. ப்யூக் ஒருபக்கமாகச் சாய்ந்து பின்பக்க அச்சு தரையில் பதிந்து கிடந்தது. அவர் படுத்திருந்த சாக்கு அதற்கு அடியில் இருந்தது. அதன் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

நந்தகோபால் தலையில் போட்டிருந்த கோணிச் சாக்கைக் கழற்றினான். "மதினி" என்றான்.

தேவஆசீர்வாதம் வெகுநேரம் அந்தச் சாக்கு நுனியைப் பார்த்தார். பிறகு போய் ப்யூக்கின் நசுங்கிய பின்பக்கத் தகட்டைத் தடவினார். அப்புறம் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பானரை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினார்.

சுந்தரபாண்டி வீட்டுக் கல்யாணத்துக்குப் பிளிமத்துதான் போயிற்று. அம்பாசடரை அது மறைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தக் காருக்கு அடியிலும் போகவில்லை. ஆள் வைத்து ப்யூக்கைத் தூக்கி நேராக்கினார், தகட்டை அடித்துச் சரிசெய்தார். வெளியே துடைப்பார், பானெட்டைத் திறந்து பார்ப்பார். குனியவேண்டிய இடம் வந்தால் நிமிர்ந்துவிடுவார். சாக்கை விரித்துப் போடுவார், அதன் மேல் உட்காருவார், சுருட்டி வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கார்களைக் கிளப்புவது குறைந்தது. டம்ளரில் தண்ணீர் வைத்தால் இப்போது அது அசைகிறது என்பார். அவள் பார்த்தால் அசையாது.

"இஞ்ஞாசி, ஒரு சத்தம் கேட்டுச்சே" என்று அவர் கேட்கத் தொடங்கினார்.

"தகரம் காயுதுங்க."

"இல்ல, கீழருந்து."

அவள் காதுகொடுத்துக் கேட்பாள். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் இருந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷமாக அவர் தன்னோடு சேர்ந்து பயப்பட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். வந்த பிறகுதான் அது பங்கு போட்டால் குறைகிற சாமான் இல்லை என்று தெரிந்தது. அவளுடையது அவளிடம் முழுசாக இருந்தது, அவருடையது அவரிடம் தனியாக வளர்ந்தது.

ஆவணியில் விருதுநகரிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்து நான்கையும் பார்த்துவிட்டுப் போனான். "தை பிறக்கட்டும், குடுத்திருவோம்" என்றார் அவர், வேறு யாருடைய கார்களையோ சொல்வதுபோல. அன்றைக்கு முழுவதும் வீட்டில் சீட்டிச் சத்தம் இல்லை. அது பல மாசமாகவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

மறுநாள் அவள் தரிசுக்குப் போய் நந்தகோபாலைப் பார்த்தாள்.

"நாலு ஆளு வேணும். தரைய வெட்டணும்."

"எம்புட்டு ஆழத்துக்கு மதினி?"

"சுக்கான் தட்டுத வரைக்கும்."

"அண்ணாச்சி சம்மதிச்சாவளா?"

"எங்க அப்பா குடுத்த மண்ணு. நான் வெட்டுதேன்."

கார்களை வெளியே தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு முட்டு நிற்கும் இடத்திலும் குழி வெட்டினார்கள். கரிசலுக்குக் கீழே வெள்ளைச் சுக்கான் வந்தபோது கடப்பாரை மணிபோல ஒலித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவள் ஒவ்வொரு குழிக்கும் குனிந்தாள். உள்ளே விழுந்தால் சத்தம் வரும் ஒரு ஆழம் இந்த மண்ணுக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். வைப்பாற்று மணலை வண்டியில் கொண்டுவந்து நிரப்பி, மேலே கல் பாவினார்கள். பனந்துண்டு போய் கருங்கல் முட்டு வந்தது. தேவஆசீர்வாதம் வேலையைப் பார்த்தார், மணல் சரியாக இறங்கியிருக்கிறதா என்று காலால் மிதித்தும் பார்த்தார். ப்யூக்கைத் தூக்கி நிறுத்தியது அவர்தான். ஆனால் சாக்கை விரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் மழையும் பெய்தது. தண்ணீர் ஓடையில் ஓடியது. முட்டுகள் நின்றன. இரண்டாம் மழையிலும் நின்றன. அவர் வாசல் வரை வந்து பார்ப்பார், திரும்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் இஞ்ஞாசியம்மாள் நல்ல சேலையை மாற்றிப் பழையதைக் கட்டிக்கொண்டாள். கொட்டகைக்குப் போய்ச் சாக்கை விரித்தாள். கிரீஸ் அடிக்கும் பம்பை எடுத்தாள். வாசலில் நின்ற அவர் முதலில் புரியாமல் பார்த்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"எங்கன அடிக்கணும்னு சொல்லுங்க."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? வெளிய வா."

அவள் மல்லாந்து படுத்து, அவர் ஊர்வதைப் பார்த்த பழக்கத்தில் முதுகால் உள்ளே ஊர்ந்தாள். ஒரு சாண் போனதும் வெளிச்சம் அடங்கியது. மூக்குக்கு நேரே கரிய இரும்பு. அதன் பாரம் அவள் மேல் படவில்லை, ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூச்சு விடும்போது அது இரும்பில் பட்டுத் திரும்பி வந்தது. இத்தனை வருஷம் இவர் இங்கே எதைப் பார்த்துச் சீட்டி அடித்தார் என்று தேடினாள். எண்ணெய்ப் பிசுக்கும், ஒரு சிலந்திக் கூடும், ஒட்டிக்கொண்டிருந்த ஜமீன் காலத்துக் கோழி இறகு ஒன்றும்தான் தெரிந்தன.

"இதுக்கா சீட்டி அடிச்சீங்க?" என்றாள் உள்ளிருந்து.

அவள் கையிலிருந்த பம்பு அச்சில் மோதி டங் என்றது. வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை இடம் மாறின. தகரச் சுவரை நோக்கிப் போயின. ஆணியிலிருந்து ஏதோ எடுக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்ஞாசி" என்றார். "போதும். வந்திரு."

அவள் தன் உடம்பைக் கேட்டுப் பார்த்தாள். அது எப்போதும்போல எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு முதுகுக்குக் கீழே கல்லைக் கேட்டாள். கல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏட்டி, வாட்டி. எனக்குப் பயமா இருக்கு."

"ம்" என்றாள் அவள். "வாயாலதான கூப்பிடுதீங்க. தகரத்துல அடிங்க, வாரேன்."

அவர் தகரத்தில் அடிக்கவில்லை. வெகுநேரம் ஸ்பானரைப் பிடித்தபடி நின்றார் என்று அவளுக்குக் கால்களைப் பார்த்துத் தெரிந்தது. பிறகு அந்தக் கால்கள் மடங்கின. முழங்கால் தெரிந்தது, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் ஓரம் தெரிந்தது, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்த அவர் முகம். காருக்கு வெளியே இருந்தபடியே அவர் அடியில் எட்டிப் பார்த்தார்.

"தலைக்கு மேல, இடது பக்கம்" என்றார். "ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதுலருந்து ஆரம்பி."